பாட்டி வாங்கிக் கொடுத்த ஹீட்டரும் நாங்க செஞ்ச தப்பும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. தைப்பூச வேலை தலைக்கு மேல இருக்கு. ஆனா இதை எழுதாம அந்த வேலையில கை வைக்க மனசு வரல. ஆலயக் குளியலறைக்கு உபயமா வந்த சுடுதண்ணி ஹீட்டரப் பத்தி ரெண்டு மாசமா ஒரு பேச்சு ஓடிச்சு இல்லையா? அந்தப் பேச்சுல எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால உண்மையையும் நாங்களே சொல்லிடணும்.

நம்ம ஆலயம் கேமரன் மலையில, கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேல இருக்கு. மார்கழி விடியக்காலையில கூரைத் தொட்டித் தண்ணிய மேல ஊத்தினா எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. குருக்கள் ஐயா நாலரை மணிக்குக் குளிச்சாத்தான் நேரத்தோட நடை திறக்க முடியும். ஈப்போ பக்கம் இருந்து வந்து மண்டபத்துல தங்குற வயசானவங்களுக்கும் அதே குளியலறைதான். ஹீட்டர் நமக்கு ஆடம்பரம் கிடையாது.

பழைய ஹீட்டர் ஓட்டை விழுந்து ஒழுக ஆரம்பிச்சதும், ஒரு பாட்டி தானா வந்து, "அவரு பேருல நான் வாங்கித் தர்றேன்"னு சொன்னாங்க. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சு வாழ்ந்த குடும்பம். வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகுது. பேரு போட வேணாம்னு பாட்டி கேட்டுக்கிட்டதால இங்கேயும் போடல. 90 லிட்டர் ஹீட்டர் வந்துச்சு. கார்த்திகையில பிளம்பர் தம்பி மாட்டிக் கொடுத்தார். பூஜை போட்டு சுவிட்ச் தட்டினோம்.

ஒரு வாரம் ஆகல, புகார் வந்துடுச்சு. "தண்ணி சூடே இல்ல, வெதுவெதுன்னுதான் வருது." மிக்ஸர் குழாயோட கைப்பிடிய சுடுதண்ணி பக்கம் முழுசா திருப்பினாலும் அதே கதைதான். பிளம்பர் தம்பி மூணு தடவை வந்தார். ஹீட்டர்ல விளக்கு எரியுது, மேல தண்ணி வெளிய வர்ற பைப்பத் தொட்டா கை சுடுது. "ஹீட்டர் நல்லா இருக்குண்ணே"ன்னு சொன்னார். நாங்க நம்பல. தெர்மோஸ்டாட்ட 60ல இருந்து 70க்கு ஏத்தச் சொன்னோம். அப்பவும் மாற்றம் இல்ல. அவருக்குத் தர வேண்டிய மிச்சக் கூலிய, "வேலை முடியட்டும் தம்பி"ன்னு நிறுத்தி வச்சோம்.

அதுக்குள்ள வெளியில பேச்சு வேற மாதிரி போயிடுச்சு. "மலிவா பாத்து வாங்கிட்டாங்க போல." "உபயம்னா பாத்து வாங்கணும்." இதுல ஒன்னு ரெண்டு வார்த்தை எங்க வாயில இருந்தும் வந்துச்சுங்கறத மறைக்க முடியாது.

பாட்டி காதுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சு எல்லாரும் பசியாறப் போனப்ப, மண்டபத்து ஓரமா எங்களக் கூப்பிட்டாங்க. "ஏன்யா, நான் வாங்கிக் குடுத்தது மட்டமான சாமானா? அவரு பேருல குடுத்ததாச்சே. கொஞ்சம் காசு வச்சிருக்கேன், வேற ஒன்னு வாங்கிப் போட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க.

"அதெல்லாம் வேணாம் பாட்டி"ன்னு உடனே சொல்லியிருக்கணும். நாங்க சொன்னது, "பாப்போம் பாட்டி, செயலவையில கேட்டுச் சொல்றோம்." அதுக்கப்புறம் மூணு வெள்ளி பாட்டி ஆலயப் பக்கமே வரல.

மார்கழி பாதியில குருக்கள் ஐயா ஒரு விஷயம் சொன்னார். "தினமும் இப்படி இல்லை. சில நாள் நல்லாவே சுடறது. சனிக்கிழமை காலம்பறதான் ரொம்ப மோசம்." இதையே அவர் முன்னாடியும் சொல்லியிருந்தார். பூஜை பண்றவருக்கு ஹீட்டரப் பத்தி என்ன தெரியும்னு நாங்க காதுல போட்டுக்கல. இந்தத் தடவை யோசிச்சோம். ஹீட்டருக்குக் கிழமை தெரியாது. சனிக்கிழமை காலையில மட்டும் மோசம்னா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆலயத்துல ஏதோ நடக்குது.

ஃபேக்டரியில ஒரு மெஷின் மக்கர் பண்ணினா, புதுப் பாகத்து மேல உடனே பழி போட மாட்டோம். ஒவ்வொன்னா மூடி, ஒவ்வொன்னா திறந்து, எங்க மாறுதுன்னு பாப்போம். அதையே இங்கயும் செஞ்சோம். ஒரு சனிக்கிழமை காலையில முதல்ல ஹீட்டரோட கரண்ட்ட நிறுத்தினோம். அப்புறம் ஹீட்டருக்குள்ள தண்ணி போற வால்வ மூடினோம். உள்ள தண்ணி போகலேன்னா சுடுதண்ணி பக்கம் கொஞ்சம் ஒழுகிட்டு நின்னுடணும். குளியலறைக் குழாய சுடுதண்ணி பக்கம் முழுசா திருப்பித் திறந்தோம்.

நிக்கவே இல்ல. நல்ல வேகத்துல பச்சத்தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஹீட்டர் மூடியிருக்கு, ஆனா சுடுதண்ணி பைப்புல பச்சத்தண்ணி வருது. அப்படின்னா வேற எங்கயோ பச்சத்தண்ணி பைப்பும் சுடுதண்ணி பைப்பும் ஒன்னு சேருது. பக்கத்து குளியலறை மிக்ஸருக்குக் கீழ இருக்கற ரெண்டு வால்வையும் மூடினோம். தண்ணி நிக்கல. மடைப்பள்ளி குழாய மூடினோம். அப்பவும் நிக்கல. மிச்சம் இருந்தது மடைப்பள்ளிக்குப் பின்னால பாத்திரம் கழுவுற இடம் மட்டும்தான்.

அங்க இருந்த மிக்ஸர் குழாயோட கைப்பிடி பாதி திறந்தே கிடந்துச்சு. அதுல ஒரு ரப்பர் ஹோஸ், ஹோஸ் நுனியில ஸ்பிரே கன். கன்ன அழுத்தினாத்தான் தண்ணி வரும், விட்டா நின்னுடும். அதனால யாரும் குழாய மூடறதில்ல, கன்ன ஆணியில மாட்டிட்டுப் போயிடுவாங்க. நுனி அடைபட்டிருக்கு, ஆனா குழாய்க்குள்ள ரெண்டு தண்ணிக்கும் நடுவுல கதவு திறந்தே இருக்கு. குளியலறையில யாராவது சுடுதண்ணியத் திறந்தா, பச்சத்தண்ணி இந்தக் கதவு வழியா சுடுதண்ணி பைப்புக்குள்ள புகுந்து, ஹீட்டர்ல இருந்து வர்ற சூட்டோட கலந்து போய்ச் சேருது. அப்புறம் வெதுவெதுன்னு வராம எப்படி வரும்? வெள்ளிக்கிழமை ராத்திரிதான் எண்ணெய் விளக்கு, அபிஷேகப் பாத்திரம் எல்லாம் சுடுதண்ணியில கழுவுறோம். சனிக்கிழமை கதை அதுதான்.

கைப்பிடிய மூடினோம். குளியலறையில தண்ணி நின்னுடுச்சு.

அந்த ஹோஸையும் கன்னையும் யார் மாட்டினது? நாங்கதான். ஹீட்டர் வந்த அதே வாரம், பாத்திரம் கழுவுற பிள்ளைங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு எங்க கையாலயே மாட்டினோம். ரெண்டும் ஒரே வாரத்துல நடந்ததால, கண்ணுக்குப் பெருசாத் தெரிஞ்ச ஹீட்டர் மேல பழி போச்சு. நாங்க செஞ்ச வேலையில தப்பு இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணல.

ஹீட்டர் வால்வத் திறந்து தண்ணி நிரம்பின பிறகு கரண்ட் போட்டோம். சூடேறினதும் தண்ணி கைய வைக்க முடியாத அளவுக்குக் கொதிச்சு வந்துச்சு. 70ல விட்டிருந்தா வயசானவங்க யாராவது சுட்டுக்கிட்டிருப்பாங்க. உடனே 60க்கு இறக்கினோம். 60 டிகிரி தண்ணியும் சில விநாடியில தோலைச் சுட்டுடும், அதனால பச்சத்தண்ணியக் கலந்துக்கிட்டுத்தான் குளிக்கணும். பாத்திரம் கழுவுற குழாய்க்குப் போற ரெண்டு பைப்புலயும் தண்ணி திரும்பி வராம தடுக்கற ஒருவழி வால்வ பிளம்பர் தம்பியே மாட்டிக் கொடுத்தார். மிச்சக் கூலியோட மன்னிப்பும் கேட்டோம். "பரவால்லண்ணே"ன்னு சிரிச்சார்.

அன்னிக்கு சாயங்காலமே பாட்டி வீட்டுக்குப் போய் நடந்ததச் சொன்னோம். ஹோஸ் கதை முழுக்கக் கேட்டுட்டு பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப அவரு பேருல குடுத்தது நல்ல சாமான்தானே?" "நல்ல சாமான் பாட்டி, தப்பு எங்களோடது"ன்னு சொன்னோம். புடவைத் தலைப்பால கண்ணத் துடைச்சுக்கிட்டு, எங்களுக்கு டீ போட உள்ள போனாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு வந்துட்டாங்க.

உங்க வீட்டுலயும் புது ஹீட்டர் மாட்டின பிறகு தண்ணி வெதுவெதுன்னு வந்தா, கடைக்காரரத் திட்டறதுக்கு முன்னாடி இதப் பாருங்க. நுனியில மூடுற ஹோஸோ ஸ்பிரேயோ மாட்டின மிக்ஸர் குழாய் எங்கயாவது திறந்து கிடக்குதா? ஹீட்டர் கரண்ட்ட நிறுத்திட்டு, தண்ணி உள்ள போற வால்வ மூடி, சுடுதண்ணியத் திறந்து பாருங்க. தண்ணி நிக்காம வந்தா, வேற எங்கயோ கலக்குதுன்னு அர்த்தம். கரண்ட் பெட்டி, ஒயர் பக்கம் மட்டும் நீங்களா கை வைக்காதீங்க.

ஆலயத்துல பாத்திரம் கழுவுற பிள்ளைங்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்ன மாட்டிட்டுப் போகாம, குழாயையும் மூடிட்டுப் போங்க. சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம்.

அந்த ஹீட்டரப் பத்தி எங்கயாவது பேசியிருந்தா, பேசின இடத்துலயே இந்த விஷயத்தையும் சொல்லிடுங்க. நாங்களும் எங்க பங்குக்குச் சொல்லிட்டு வர்றோம். பாட்டிகிட்ட நேர்ல கேட்ட மன்னிப்ப இங்க எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை கேட்டுக்கறோம்.

தைப்பூசத்துக்கு மேல வந்து தங்குற பக்தர்களுக்கு இந்த வருஷம் சுடுதண்ணி தயாரா இருக்கும்.

முருகா சரணம்.