குதிரைப் பணம், மாட்டுப் பணம், ஹாக்கிப் பணம்... ஆவுடையார்கோவில் சொல்லும் கணக்கு!

அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். வயல், கண்மாய், கருவேலங்காடு என்று மாறி மாறி ஓடும் பேருந்து ஜன்னல் காட்சி முடியும் இடத்தில் ஆவுடையார்கோவில் வந்துவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு தாலுகா தலைமையிடம். ஆனாலும் ஊருக்குப் பெயரே கோயில்தான். அந்தக் கோயிலின் கதை பக்தியில் மட்டுமல்ல, ஒரு பெரிய பணப்பையிலும் தொடங்குகிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். குதிரை வாங்கி வரச் சொல்லி, பாண்டிய மன்னன் தன் அமைச்சர் வாதவூரரிடம் கஜானாப் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறான். வழியில் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் அவர் தன் குருவைச் சந்திக்கிறார். குதிரைக்கான பணம் கோயில் பணிக்குப் போகிறது. வாதவூரர், மாணிக்கவாசகர் ஆகிறார். அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில்.

பணம் கொடுத்தவன் சும்மா இருப்பானா? 'குதிரை எங்கே?' என்று கேட்டான். நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போய், இரவில் மறுபடி நரிகளாகி ஊளையிட்ட திருவிளையாடல் அதற்குப் பிறகு நடந்தது. 'போட்ட பணத்துக்கு என்ன வந்தது?' என்ற முதலாளியின் கேள்விதான் அந்தக் கதையை நகர்த்துகிறது.

கல்லா, மரமா?

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கை, கருங்கல். ஆனால் மரச்சட்டம், குறுக்குக் கம்பி, ஆணியின் கொண்டை வரைக்கும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும் ஸ்தபதிகள், 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதைப்போல இன்னொன்று செய்ய முடியாது என்று அர்த்தம்!

தெற்கு பார்த்த கருவறையில் லிங்கம் இல்லை. ஆவுடையார் எனப்படும் பீடம் மட்டும்தான். ஆத்மநாதர் உருவமில்லாதவர். நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. நைவேத்தியமும் வித்தியாசமானது. சுடச்சுடப் புழுங்கலரிசிச் சோற்றைக் கொட்டி, அதிலிருந்து எழும் ஆவியைத்தான் சாமிக்குக் காட்டுகிறார்கள். கூடவே கீரை, பாகற்காய்.

ஆவி சாமிக்கு. சோறு மனிதர்களுக்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கோயிலைவிட்டு வெளியே வரலாம்.

சாலையில் ஓடும் கௌரவம்

ஆவுடையார்கோவில், அறந்தாங்கி, காரைக்குடி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் இல்லாமல் நிறைவடையாது. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு என்று தனித்தனிப் பிரிவு. குறிப்பிட்ட எல்கை வரை போய்த் திரும்ப வேண்டும். வண்டியில் சாரதியும் துணைச்சாரதியும். சாலையின் இரண்டு பக்கமும் சனம்.

ஒரு விதத்தில் இதுவும் 'டீம்'தான். மாட்டின் உரிமையாளர்தான் முதலாளி. பருத்திக்கொட்டை, உளுந்து, முட்டை என்று வருஷம் முழுக்கத் தீவனச் செலவு அவருடையது. ஊர் ஊராக ஏற்றிச்செல்லும் வண்டி வாடகை, பராமரிக்கும் ஆளுக்குக் கூலி, பந்தய நுழைவுக் கட்டணம் எல்லாமே அவருடைய மடியிலிருந்துதான். பரிசுப் பணம் ஊர்க்காரர்களின் நன்கொடை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டீஸிலேயே அச்சாகியிருக்கும். ஜெயித்தாலும் அந்தப் பரிசு வருஷச் செலவை ஈடுகட்டுவது அபூர்வம். பிறகு எதற்கு? மைக்கில் ஊர்ப் பெயரோடு தன் பெயரும் ஒலிக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

எழும்பூர் மைதானத்தில்...

இதே கணக்கைக் கோடிகளில் போட்டால் எப்படி இருக்கும்? ஹாக்கி இந்தியா லீக்கைப் பாருங்கள். 2013-ல் தொடங்கி, 2017-க்குப் பிறகு நின்றுபோன போட்டி அது. ஏழு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கேலாவில் 8 ஆடவர் அணிகளோடு மறுபடி உயிர்பெற்றது. தமிழ்நாட்டுக்கும் ஓர் அணி. சார்லஸ் குழுமத்தின் 'தமிழ்நாடு டிராகன்ஸ்'.

ஓர் ஆடவர் அணி ஏலத்தில் வீரர்களுக்குச் செலவிட அனுமதிக்கப்பட்ட தொகை 4 கோடி ரூபாய். அணிக்கு 24 வீரர்கள். சூர்மா அணி, ஹர்மன்பிரீத் சிங்கை மட்டும் 78 லட்சத்துக்கு எடுத்தது. கோப்பையை வென்ற பெங்கால் டைகர்ஸுக்குக் கிடைத்த பரிசு 3 கோடி. அதாவது, சாம்பியன் ஆனாலும் பரிசுப் பணம் வீரர்களுக்கான அந்த 4 கோடியை எட்டாது! பயிற்சியாளர், பயணம், தங்குமிடம் எல்லாம் தனி. ஸ்பான்சர், ஒளிபரப்பு வருமானத்தில் பங்கு, டிக்கெட் என்று வேறு வழிகளில் வந்தால்தான் உண்டு. கிரிக்கெட்டுக்கு அது கொட்டுகிறது. ஹாக்கிக்கு இன்னும் சொட்டுகிறது.

விளைவு? ஒரே சீசன் ஆடிய உ.பி. ருத்ராஸ், பணம் கட்டுப்படியாகவில்லை என்று 2025-ல் விலகியது. வீரர்கள் பாதிக்கப்படாமலிருக்க லீக் நிர்வாகக் குழுவே ஓர் அணியைக் களத்தில் இறக்க வேண்டியிருந்தது. சென்னைக்கும் இது புதிதல்ல. 2012-ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் ஆடிய 'சென்னை சீட்டாஸ்' பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்? அந்தத் தொடர் ஒரே சீசனோடு முடிந்துபோனது.

முதலாளிகளைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் பாண்டியனைப்போல, 'குதிரை எங்கே?' என்று கேட்கத்தான் செய்வார்கள். கவலை வேறு. கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் இந்திய அணிக்குப் போனதைப் பார்த்து மட்டை பிடிக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய பேர். 2026 ஜனவரியில் சென்னை எழும்பூர் மைதானத்திலேயே லீக் ஆட்டங்கள் நடந்தபோது, அவர்களுடைய கனவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. முதலாளி மனம் மாறினால், அந்தக் கனவுக்கு யார் பொறுப்பு?

மிஞ்சுவது எது?

ஆவுடையார்கோவிலுக்கு ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை சமயத்தில் போனால் திருவிழாவையும் பார்க்கலாம். ரயிலில் வருபவர்கள் காரைக்குடி - திருவாரூர் பாதையில் அறந்தாங்கியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

கொடுங்கையைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். பணம் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், செதுக்கிய கைகளும் போய்விட்டன. வேலை மட்டும் நிற்கிறது. மாட்டுவண்டி முதலாளிக்கு ஆவி போதும், பெயர் ஒலித்தால் போதும். ஹாக்கி முதலாளிக்குச் சோற்றிலும் பங்கு வேண்டும், அது நியாயம்தான். ஆனால் ஆடுகிற பிள்ளையின் தட்டிலும் சோறு மிஞ்ச வேண்டும். அதுவரைதான் அது விளையாட்டு. அதற்குமேல் போனால், இரவில் நரியாகிற குதிரை!