துருவமும் செண்பகத்தோப்பும்

தென் துருவக் கண்டத்தைப் பார்க்க விரும்பியவர்கள் முன்காலத்தில் உயிரைப் பணயம் வைத்தார்கள். இக்காலத்தில் பணத்தை வைத்தால் போதும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் காலையில் ஆகாய விமானம் ஏறினால், நண்பகலில் பனிக்கட்டி மிதக்கும் சமுத்திரத்தை அடைந்து, மூன்று நான்கு மணி நேரம் பனி மலைகளைக் கண்ணாரக் கண்டு, அன்றிரவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடலாம். விமானம் நடுவில் எங்கும் இறங்குவதில்லை. வேறு தேசத்தில் கால் வைக்காதபடியால் இதை உள்நாட்டுப் பிரயாணமாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். பூலோகத்தின் கோடிக்குப் போய் வந்தாலும் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கூட விழாது!

இராஜபாளையத்தில் நமக்கு நண்பர் ஒருவர் உண்டு. நூல் வியாபாரி. பஞ்சாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயக்கட்டுத் துணி நெய்யும் தறிகளும் மலிந்த பிரதேசத்தில் பிறந்து வளர்ந்தவர். பஞ்சு மூட்டை அடுக்கைத் தவிர வேறு வெண்மலையை அறியாத மனிதர். மெல்போர்னில் உத்தியோகம் பார்க்கும் மகள் சீட்டு வாங்கிக் கொடுத்து இவரைத் துருவ விமானத்தில் ஏற்றிவிட்டாள். அவர் ஊர் திரும்பிய செய்தி கேட்டதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, சுமார் 12 கிலோமீட்டர் தூரம் பஸ்ஸில் சென்று அவரைக் கண்டோம்.

"குளிர் எப்படி, அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"குளிர் வெளியே, நாங்கள் உள்ளே. பருத்திச் சட்டையே போதுமாக இருந்தது" என்றார் நண்பர்.

ஜன்னல் ஓரத்து ஆசனம் எல்லோருக்கும் கிடைக்காது அல்லவா? அதற்காகப் பாதி வழியில் இடம் மாறிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறதாம். விமானமும் எட்டு என்னும் எண்ணின் வடிவில் வளைந்து வளைந்து பறந்து, இரு புறத்தாருக்கும் காட்சி தருகிறது. துருவப் பிரதேசத்தில் தங்கி ஆராய்ந்த நிபுணர்கள் உடன் வந்து, ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றையும் விளக்குகிறார்கள். மேகம் மறைக்காத திசையைப் பார்த்துச் செல்வதற்காகப் பல வழித் திட்டங்களை முன்னதாகவே தயாரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் எது அன்றைக்கு உகந்தது என்று வானிலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

நண்பர் அந்த நிபுணர்களில் ஒருவரிடம், "எங்கள் நாட்டார் கட்டிய மைத்ரி நிலையம் கண்ணில் படுமா?" என்று கேட்டாராம். அது ஆப்பிரிக்காவை நோக்கிய மறு கரையில் இருக்கிறது என்று பதில் கிடைத்தது. நண்பருக்குச் சிறிது ஏமாற்றந்தான். ஆயினும் கேட்டது நியாயமே. எஸ். ஸெட். காஸிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு 1981 டிஸம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரியில் அந்தக் கண்டத்தில் இறங்கியது. 1989-ல் மைத்ரி நிலையமும், 2012-ல் பாரதி நிலையமும் ஏற்பட்டன. வெகு தூரத்துப் பனியிலும் நம்மவர் அடுப்பு மூட்டி வாழ்கிறார்கள் என்பது பெருமைக்குரிய விஷயம்.

இவ்வளவும் உல்லாசமாகச் சொல்லி வந்த நண்பர், ஒரு பெயரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எரிபஸ் என்பது அந்தப் பெயர். 3,794 மீட்டர் உயரமுள்ள எரிமலை அது. பனி போர்த்த மேனியும் புகை கக்கும் சிகரமுமாகத் துருவக் கண்டத்தின் கரையோரத் தீவு ஒன்றில் நிற்கிறது.

1979 நவம்பர் 28-ந் தேதி நியூஜீலந்தின் ஆக்லந்து நகரத்திலிருந்து இதே போன்ற உல்லாசப் பிரயாண விமானம் ஒன்று 257 பேருடன் கிளம்பிற்று. வழிகாட்டியாக உடன் செல்ல வேண்டியவர், எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி. வேறு அலுவல் குறுக்கிட்டதால், அவருடைய சிநேகிதரும் துருவப் பிரதேசத்தில் அநுபவம் மிக்கவருமான பீட்டர் மல்க்ரூ சென்றார். விமானத்தைச் செலுத்தும் கருவிக்குக் கொடுத்திருந்த வழியின் எண்கள் புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னால் திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தை விமானிகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பரந்த கடற்கால் ஒன்றின் மேலே பறப்பதாக அவர்கள் எண்ணியிருந்தார்கள். விமானமோ நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் விலகி, நேரே எரிபஸ் மலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

எதிரே நிற்கும் மலை கண்ணுக்குத் தெரியாதா என்று நேயர்கள் கேட்கலாம். மேலே வெண்மேகம் மூடியிருக்கும்போது பனிச் சரிவில் நிழலே விழுவதில்லை. பாலோடு பால் கலந்தாற்போல வானமும் சரிவும் ஒன்றாகிவிடுகின்றன. மலையின் சரிவு, தூரத்தில் விரிந்து கிடக்கும் சமவெளி போலத் தோற்றமளிக்கும். விமானம் மலையில் மோதியது, ஒருவரும் பிழைக்கவில்லை. முதல் விசாரணை விமானிகள் மேல் குற்றம் சுமத்தியது. 1981-ல் அறிக்கை வெளியிட்ட நீதிபதி பீட்டர் மாஹன், வழி எண்களை மாற்றியதும் அதை விமானிகளுக்குத் தெரிவிக்காததுமே முதற் காரணம் என்று கண்டார். 2019-ல், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்பு, நியூஜீலந்துப் பிரதமர் ஜஸிந்தா ஆர்டர்ன் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். விமானிகள் கெட்டிக்காரர்கள், வழிகாட்டியோ அநுபவசாலி. தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. 257 உயிர்கள் போயின.

எங்கோ பனி தேசத்தில் நடந்த கதை என்று இதை விட்டுவிடலாமா? இராஜபாளையத்து வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை மதில் போல எழுந்து நிற்கிறது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆயிற்று. நம்மில் அநேகருக்கு அந்த மலையும் ஒரு துருவந்தான்: தினமும் பார்க்கிறோம், அறிந்ததில்லை. அறியாமற் சென்றவர்கள் பட்ட துன்பமும் உண்டு. 2015 மே மாதத்தில் சதுரகிரிக்குச் சென்ற பக்தர்களில் சிலர் ஓடையில் திடீரென வந்த வெள்ளத்துக்குப் பலியானார்கள். 2018 மார்ச்சில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டனர்.

பேச்சு இவ்விதம் மலையின் பக்கம் திரும்பவே, வனத்துறையாரின் அனுமதி பெற்றுச் செண்பகத்தோப்புக்கு ஒரு நாள் போய் வருவது என்று தீர்மானித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, காட்டழகர் கோயில் கொண்டிருக்கும் வனம் அது. அங்கே வாழும் பளியர் குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வழி காட்ட வந்தார்.

வெகு நேரம் வரையில் எங்களுக்கு ஒன்றும் தென்படவில்லை. இளைஞர் சட்டென்று நின்று, விரலை உயர்த்தினார். மரத்தின் உச்சியில், மூக்கு முதல் வால் நுனி வரையில் இரண்டடிக்கு மேல் நீளமுள்ள அணில் ஒன்று பழத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அடுத்த மரத்துக்குத் தாவி, அங்கிருந்து அதற்கடுத்த மரத்துக்கும் சென்று, மறைந்துவிட்டது. இந்தப் பிராணி தரையில் இறங்குவது அபூர்வம். கிளையோடு கிளை கோத்து நிற்கும் வரையில்தான் அதற்கு வாழ்வு. நடுவே நாலு மரத்தை வெட்டிவிட்டால் அதன் ராஜபாட்டை அறுந்துபோகிறது.

"என்னைப் போலவே இதுவும் தரை தொடாத பிரயாணி!" என்றார் நண்பர். சிறிது யோசித்துவிட்டு, "ஆனால் இது மண்ணெண்ணெய் எரிப்பதில்லை" என்றும் சொன்னார். உண்மைதான். பனியில் காலடி பதிக்காமல் பார்த்து வரும் விமானம், அதற்காகப் பல்லாயிரம் லிட்டர் எரிபொருளைப் புகையாக்கிவிட்டு வருகிறது. கப்பலில் சென்று பார்ப்பவர்களோ, 2023-24 பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். தூரத்து அழகைப் பார்க்கும் ஆசைக்கு அந்த அழகே விலை கொடுக்கிறது.

ஓடையைக் கடந்து மேலே செல்ல வேண்டிய இடத்தில் இளைஞர் தயங்கினார். எங்கள் தலைக்கு மேல் வானம் நிர்மலமாக இருந்தது. ஓடையில் கணுக்கால் அளவு ஜலமே ஓடிற்று. அவர் மட்டும் மலை முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உச்சியில் மழை பிடித்துவிட்டது, ஐயா. இனிமேல் போகக் கூடாது. திரும்பிவிடுவோம்" என்றார்.

மலையின் உச்சியில் பெய்யும் மழை, அடிவாரத்தில் தூறல் கூட இல்லாத வேளையிலும் ஓடையாக இரைந்து வரும். சதுரகிரியில் நேர்ந்ததும் திடீர் வெள்ளமே. துருவத்தைக் கண்டு வந்த நண்பர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நடந்தார், நாமும் நடந்தோம். காட்டின் எல்லைக்கு வந்த போது பின்னால் ஓடையின் ஓசை மாறியிருந்தது. அது செம்மண் நிறத்தில் பொங்கி வருவதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தோம்.

அந்த இளைஞர் அன்றைக்கு எங்களுக்குக் காட்டியது ஓர் அணிலும் பாதி வழியும் மட்டுமே. கொடுத்த பணத்துக்கு இது போதாது என்று ஒருவர் முணுமுணுக்கலாம். நம்முடைய அபிப்பிராயம் வேறு. தெரியாத தேசத்தில் நாம் வழிகாட்டியின் கண்ணை இரவல் வாங்கிக்கொள்கிறோம். "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும் துணிவு அந்தக் கண்ணுக்கு இருக்க வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டியதை மறைக்காமல் சொல்லும் கடமை அவரை அனுப்புகிறவர்களுக்கு உண்டு.

2024-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் 40 மலையேற்ற வழிகளை வகுத்து, மலைவாழ் மக்களான இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். அந்த இளைஞர்களின் சொல் அலுவலக மேஜை வரை எட்டுமானால் இன்னும் நல்லது. "இன்று ஓடை வேண்டாம்" என்று ஒருவர் காட்டிலிருந்து சொல்லும் போது, சீட்டுப் பணம் கைமாறிவிட்டதே என்று யோசிக்காமல் வாயிலை அடைக்கும் உத்தியோகஸ்தர் வேண்டும். முணுமுணுக்காமல் திரும்பிப் போகும் பிரயாணிகளும் வேண்டும். மலை எங்கும் போய்விடாது. அடுத்த தடவை வந்து மீதி வழியைப் பார்த்துக்கொள்ளலாம்.