மேப்பில் இல்லாத வீடு

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் ராத்திரிதான் கரையைக் கடந்திருந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை. சென்னையிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். "பெரியம்மா வீட்டுப் பக்கம் தண்ணி வந்துடுச்சா? மேப்ல தேடுறேன், அந்தத் தெருவே இல்லையே!"

நானும் பார்த்தேன். பனமலை ஏரி இருந்தது. ராஜசிம்ம பல்லவன் 1,300 வருடங்களுக்கு முன்னால் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் இருந்தது. ஏரிக்கரையில் பெரியம்மா நாற்பது வருடமாக வாழும் கூரை வீடு மட்டும் இல்லை. நல்லவேளை, அவர் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

இன்ஜினீயரிங் படிக்கும் என் மகள்தான் மட்டக்களப்பு கதையைச் சொன்னாள். இலங்கை அரசின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 2012 கடைசியில் உலக வங்கி உதவியோடு அங்கே ஒரு வேலையைத் தொடங்கியது. அரசு ஊழியர்களும் தன்னார்வலர்களும் சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டடத்தையும் வரைந்தார்கள். பிறகு தெருத்தெருவாகப் போய், எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது, கூரை என்ன என்று விசாரித்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற இலவச வரைபடத்தில் இப்படி ஏறியவை சுமார் 30,000 கட்டடங்கள். வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் ஓடவேண்டும் என்பது இந்த விவரம் இருந்தால்தானே தெரியும்? கூரை, வானத்திலிருந்து தெரியும். சுவர் மண்ணா, செங்கல்லா என்பது வாசலில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

"நம்ம ஊரையும் போடலாம்மா" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமை போனோடு கிளம்பினோம்.

முதல் வீடே பெரியம்மாவுடையது. விஷயத்தைக் கேட்டவர் முகம் மாறிவிட்டது.

"எனக்குப் பட்டா இல்லடி. நீ குறிச்சு வெச்சா, நாளைக்கு ஜேசிபி வராதா?"

எனக்குப் பதில் வரவில்லை. படகோடு வருகிறவர் பார்க்கும் அதே மேப்பைத்தானே ஜேசிபியோடு வருகிறவரும் பார்ப்பார்? நாங்கள் செய்வது சேவை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரைக் குறிக்கிறோமோ அவரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று ஒன்றையும் குறிக்காமல் திரும்பினோம். அடுத்த வாரம் முதல் வீடு வீடாகப் போய், என்ன ஏறும், யாரெல்லாம் பார்க்க முடியும் என்று சொன்னோம். சம்மதித்தவர்கள் வீட்டை மட்டும் குறித்தோம். யார் பெயரும் போடவில்லை. சிலர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து பெரியம்மாவே கூப்பிட்டார். "மழைல என்னைத் தேட ஒரு அடையாளமாவது இருக்கட்டும். கூரை வீடுன்னே போடு. ஆனா ஒண்ணு, பட்டா வந்து காங்கிரீட் வீடு கட்டினா, அன்னைக்கே மாத்திடணும்!"

மாற்றத்தான் காத்திருக்கிறோம், பெரியம்மா.