நகருங்கக்கா, நான் பண்றேன்

இந்த மூன்று வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போகிறவன் வாயில் தானாக வருவது இது. எதிரே இருப்பவர் மவுசைப் பிடிக்கத் தடுமாறுவார். நமக்குப் பொறுமை இருக்காது. வாங்கி நாமே செய்துவிடுவோம். வேலை முடியும். அவரும் கும்பிட்டுவிட்டுப் போவார். இதற்குப் பெயர் பயிற்சி, உதவி. இது உதவியல்ல என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஊராட்சித் தலைவி. அவர் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்.

2019 டிசம்பர் தேர்தலில் ரிசர்வ் பஞ்சாயத்தில் ஜெயித்தவர். அஞ்சாவது வரை படிப்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் காய்த்துப்போன கை. ரேஷன் கடை எந்திரத்தில் அந்த விரல்களின் ரேகை லேசில் விழாது. அந்தக் கைக்குத்தான் ஒரு டிஜிட்டல் கையெழுத்து வந்து சேர்ந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும், டோக்கன் என்பார்கள். கம்ப்யூட்டரில் செருகிக் கடவுச்சொல்லைப் போட்டால் பில்லுக்குக் கையெழுத்து விழும். நிதிக்குழு மானியத்தை இப்படித்தான் செலவழிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, இது கையால் போட்ட கையெழுத்துக்குச் சமம் என்கிறது. அதைக் கைவிட்டுப் போகாமல் காப்பது உரியவர் பொறுப்பு என்கிறது 42ஆம் பிரிவு. ஆக, எவன் செருகினாலும் போட்டது தலைவர்தான். தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

2021இல் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக யூனியன் ஆபீசில் தலைவர்களுக்கு வகுப்பெடுத்தேன். 18 பேர், 2 கம்ப்யூட்டர், ஒரே நாள். கடவுச்சொல்லைப் பலமுறை தப்பாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அலைய வேண்டும். அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். எல்லாருக்கும் நானே கடவுச்சொல் வைத்தேன். ஊராட்சிப் பெயர், பின்னால் 123. ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, "மறந்துட்டா இதப் பாத்துக்குங்க" என்று ஆபீஸ் ஆபரேட்டரிடம் கொடுத்தேன். டோக்கன்களை ஊராட்சிச் செயலர்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பு நன்றாக நடந்ததென்று பாராட்டு வேறு.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அக்கா போன் செய்தார்.

"தம்பி, நான் எதுலயும் கையெழுத்துப் போடல. எங் கையெழுத்துல காசு போயிருக்குதாம்."

காலனியில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் இகிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிக் கணக்கைப் போனிலேயே திறந்து காட்டியிருக்கிறான். ஊர்த்தெருவுக்குப் பைப்லைன், ஊர்த்தெருவுக்கு மோட்டார் ரிப்பேர். காலனிக்கு அக்கா கேட்ட குடிநீர்க் குழாய் எந்த வரியிலும் இல்லை. எனக்கு என் நோட்டு ஞாபகம் வந்தது.

டோக்கனைக் கேட்கப் போனவரிடம் செயலர் சொன்னது இது: "ஒனக்கு ஏம்மா இந்த ரோதன? நாங்க பாத்துக்கறோம், போ."

தலைவரை 'நீ' என்கிற திமிரை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த வாக்கியமும் என் வாக்கியமும் ஒன்றுதான்.

1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவில் முருகேசனை வெட்டிக் கொன்றது, அவர் தலைவர் ஆனதற்காக. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவியைத் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. எங்கள் அக்காவுக்கு நாற்காலி கொடுத்திருந்தார்கள். உட்கார வைத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இது படத்தில் விழாது.

அக்கா அந்த நாற்காலியை விடவில்லை. "குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து டோக்கனை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். மூன்று சாயங்காலம். முதல் நாள் கடவுச்சொல் என்றதும், "கடவுள் சொல்லா?" என்றார்.

"இல்லக்கா. கடவுன்னா வழி, வாசல். உள்ள போறதுக்கான சொல்லு."

"அப்ப என் வூட்டு வாசலத் தொறக்கற சொல்ல ஏன் தம்பி அவங்க கையில குடுத்த?"

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இதற்குப் பதில் வரவில்லை.

பேத்தியின் நோட்டில் கீபோர்டை வரைந்துகொடுத்தேன். எந்த எழுத்து எங்கே என்று விரல் வைத்து வைத்துப் பழகினார். அம்புக்குறி எங்கோ ஓடும், அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு துரத்துவார். 'நகருங்கக்கா' என்று தொண்டை வரை வரும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். தப்பாகப் போட்டால் என்ன வரும், சரியாகப் போட்டால் என்ன வரும் என்று படம் மாதிரி மனசில் பதித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பழைய கடவுச்சொல்லை மாற்றும் இடம் வந்ததும், "நீ செவுத்தப் பாத்து ஒக்காரு தம்பி" என்றார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுவாரம் எனக்கு யூனியன் ஆபீசிலிருந்து போன். "ஏம்பா, சும்மா இருக்கிறவங்கள ஏன் கெளப்பிவுடற?" அந்த ஒன்றியத்தில் அப்புறம் எனக்கு வகுப்பே கிடைக்கவில்லை. அக்காவுக்கும் எல்லாம் சுலபமாகிவிடவில்லை. துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அவர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஆனால் அதற்குப் பிறகு அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பில்லும் போகவில்லை. காலனிக்குக் குழாய் ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. டோக்கனைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டே வருஷக்கணக்கில் திரிந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

இப்போதும் வகுப்பெடுக்கிறேன். நோட்டில் எழுதி யாரிடமும் கொடுப்பதில்லை. அவரவர் கடவுச்சொல்லை அவரவரே போட வேண்டும், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாளில் முடிந்த வகுப்புக்கு இப்போது நாலு நாள் ஆகிறது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். ஆகட்டும்.