பாரதியின் ‘சுயசரிதை’யில் திருநெல்வேலிப் பள்ளிப் படிப்பு

பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற காலம் 1894 முதல் 1897 வரை என்பர். அப்படிப்பால் தந்தைக்குப் பொருட்செலவும் தமக்குத் தீங்குமே மிஞ்சின, நன்மை எள்ளளவும் இல்லை என்பது ‘சுயசரிதை’யில் அவர் காட்டும் கணக்கு. கம்பன், காளிதாசன், பாணினி, இளங்கோ, வள்ளுவர் ஆகியோரின் பெருமையை அறியாமலே ஆங்கிலம் கற்போர் படித்து வெளியேறுகின்றனர் என்றும் அதில் வருந்துகிறார்.

இப்பகுதியை அக்காலப் பாடத்திட்டத்திற்கு நேர்ச்சான்றாகக் கொள்ளலாமா என்பது ஐயத்திற்குரியது. இளங்கோவையே எடுத்துக்கொள்வோம். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தது 1892இல். பாரதி தாமிரபரணிக் கரைக்குப் படிக்க வந்தபோது அப்பதிப்பு வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வகுப்பறைக்கு அது எட்டாமற்போனதில் வியப்பில்லை. அதனைப் பள்ளியின் குறையாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

‘சுயசரிதை’ வெளிவந்ததோ 1910இல். அதற்குள் அவர் காசியில் பயின்று, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகவும் இருந்து, சென்னையில் இதழாசிரியராகி, புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். சினம் அந்தப் பாரதியினுடையது. பள்ளிச் சிறுவனுடையது என்று துணிந்து கூற இயலாது. அச்சினம் ஆங்கில இலக்கியத்தின்மீது எழுந்ததாகவும் தோன்றவில்லை. ‘ஷெல்லிதாசன்’ எனப் புனைபெயர் பூண்டவர் அவர். மேலும், எட்டயபுரத்தில் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்ற பின்னரே அவர் திருநெல்வேலிக்கு வந்தார். தமிழ்ச் சுவையை முன்பே அறிந்திருந்த மாணவர் ஒருவருக்கே அவ்வகுப்பின் வறுமை அத்தனை உறுத்தியிருக்கும். உடன் பயின்ற ஏனையோர் அதனை உணர்ந்தனரா என்பதற்குக் கவிதையில் விடையில்லை.