எங்க வீட்டு ரெண்டு கார்டு

எங்கள் வீட்டில் இரண்டு கார்டு உண்டு. இரண்டுமே இப்போது ரிடையர்டு.

முதல் கார்டு என் அப்பா. தென்னக ரயில்வேயில் கூட்ஸ் கார்டு. (2022-ல் கார்டுகளுக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். அப்பாவிடம் சேதியைச் சொன்னேன். "சம்பளம்?" என்றார். "அதே சம்பளம்தான்பா." "அப்ப நான் கார்டாவே இருந்துக்கறேன்" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.)

இரண்டாவது கார்டு, 2006-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு நான் வாங்கியது. டி.வி. டியூனர் கார்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை அட்டை, ஓரத்தில் ஒரு தகர டப்பி. கம்ப்யூட்டருக்குள் சொருகி, கேபிள் வயரை அதன் முதுகில் மாட்டினால் கம்ப்யூட்டரே டி.வி. ஆகிவிடும். பார்ப்பதைப் பதிவும் பண்ணிக்கொள்ளும்.

முதல் கார்டுக்காகத்தான் இரண்டாவது கார்டை வாங்கினேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் ஷண்ட்டிங் அடித்துப் பின்னால் போகவேண்டும்.

ஜோலார்பேட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரைத் தூக்கத்தில், ஜன்னலுக்கு வெளியே 'டீ... காப்பி' என்று ஒரு குரலாக மட்டும் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் இங்கேதான் பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என்று பிரிகிறது. (2019 ஜூலையில் சென்னை தாகத்தில் தவித்தபோது, ஐம்பது வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றி அனுப்பிய ஊர் இதுதான். அப்போதுதான் பல பேர் கண்ணை நன்றாகத் திறந்து ஊர்ப் பெயரைப் படித்தார்கள்.)

எண்பதுகளில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைக்கே ஒரு டி.வி.தான். எதிர்வீட்டு டிரைவர் மாமாவின் சாலிடேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம். மொட்டை மாடியில் ஒருத்தன் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்போ?" என்பான். கீழேயிருந்து, "போச்சுடா! முன்னாடி இருந்ததே தேவலை!" என்று பத்துக் குரல் எழும்பும். ஒருவழியாக எறும்பெல்லாம் விலகி சிவாஜி முகம் தெரியும்போது எழுத்துப் போட்டு முடிந்திருக்கும்.

அப்பா ட்யூட்டி இல்லாத ஞாயிறுகளில் வந்து உட்கார்வார். இடைவேளை தாண்டும். கதை சூடுபிடிக்கும். கதாநாயகியை வில்லன் காரில் தள்ளிக்கொண்டு போவான். அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி.

கால் பாய்!

பாய் என்றால் பையன் இல்லை. ஐம்பது வயசு, நரைத்த மீசை. வண்டிக்கு ஆள் தேவைப்பட்டால் கால் புக்கைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிப் போகும் ரயில்வே ஊழியர். கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதான்; வெள்ளை யூனிஃபாரம், விளக்கு, பச்சைக் கொடி, சிவப்புக் கொடி... அப்பா கிளம்பிவிடுவார். கதாநாயகியைக் காப்பாற்ற அப்பாவுக்குக் கொடுத்து வைத்ததே இல்லை.

மறுநாளோ அதற்கும் மறுநாளோ திரும்பி வருவார். ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே முதல் கேள்வி:

"முடிவு என்னடா ஆச்சு?"

நான் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கரண்டியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுவேன். டி.வி.யில் பத்து நிமிஷம் ஓடிய கிளைமாக்ஸ் என் கையில் அரை மணி ஓடும். படத்தில் செத்துப்போன சில பேரை நான் பிழைக்க வைத்ததும் உண்டு. சின்ன வயசு, இளகிய மனசு.

வளர்ந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. தினம் ரயிலில் போய் ரயிலில் வருகிற ஜாதி. வாணியம்பாடி கடையில் ஒரு பென்டியம்-4 அசெம்பிள் பண்ணி வாங்கினேன், 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கோடு. மைக்ரோசாஃப்ட் 2002-லேயே 'மீடியா சென்டர்' என்று ஒரு விண்டோஸைக் கொண்டுவந்திருந்தது. ஹாலில் கம்ப்யூட்டர், சோபாவில் ரிமோட், இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட நிகழ்ச்சி. எங்கள் ஹாலில் சோபா கிடையாது. அப்பாவின் ஈஸிசேர் உண்டு. அது போதாதா? ட்யூட்டி முடிந்து மனுஷர் எந்த நேரத்துக்கு வந்தாலும் முழுப்படமும் காத்திருக்கும், கிளைமாக்ஸ் உள்பட!

சொல்வது சுலபம் ஸார்.

முதல் சண்டை அம்மாவோடு. கேபிள் வயரை டி.வி.க்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று ஸ்பிளிட்டர் போட்டுப் பிரித்தேன். வாய்க்காலை இரண்டாக வெட்டினால் தண்ணீர் பாதிப் பாதிதானே? சிக்னலும் அப்படித்தான். அன்றைக்கு 'கோலங்கள்' பார்த்த அம்மா, "டேய், உன் கம்ப்யூட்டர் வந்த நேரம், அபிக்கு அம்மை போட்டுடுச்சுடா!" என்று அலறினார். முகமெல்லாம் புள்ளி. ஓடிப்போய் பூஸ்டர் வாங்கி வந்தேன். அபி பிழைத்தாள்.

அடுத்து, நேரம். வெளிநாட்டில் எந்தச் சானலில் எப்போது என்ன என்ற பட்டியல் கம்ப்யூட்டருக்குத் தானாகவே வந்து சேருமாம். எனக்குத் தினசரிப் பேப்பரின் டி.வி. கட்டம்தான். ராத்திரி உட்கார்ந்து சானல், ஆரம்பம், முடிவு என்று டைப் அடிப்பேன். பேப்பர் சொல்லும் நேரம் வேறு, சானல் போடும் நேரம் வேறு என்பதால் முன்னால் பத்து நிமிஷம், பின்னால் ஒரு மணி நேரம் சேர்த்துப் போடுவேன். மளிகைக்கடைக் கொசுறு மாதிரி.

அப்புறம் இடம். நம் ஊர் டி.வி. படம் என்பது நொடிக்கு 25 ஃபோட்டோ. ஒவ்வொன்றிலும் 720-க்கு 576 புள்ளி. அப்படியே சேமித்தால் நொடிக்கு 20 எம்.பி., மணிக்கு 75 ஜி.பி.! என் மொத்த டிஸ்க்கும் ஒரு மணி நேரத்தில் காலி. அதனால் எம்பெக்-2 என்ற முறையில் அமுக்கி மடித்து, மணிக்கு இரண்டு ஜி.பி. சொச்சமாகச் சுருக்கவேண்டும். விலை உயர்ந்த கார்டுகள் மடிக்கிற வேலையைத் தாங்களே செய்யும். என்னுடையது ஆயிரத்து நானூறு ரூபாய்க் கார்டு; மூட்டையை அப்படியே பென்டியத்தின் தலையில் போட்டுவிடும். படம் பதிவாகும்போது மாவு மிஷின் ஓடுகிற மாதிரி ஃபேன் சத்தம்.

முதல் படம் பதிவாயிற்று. காலையில் அப்பா வந்ததும் ஈஸிசேரில் உட்கார வைத்துப் போட்டேன். ரசித்தார். வில்லன் கதாநாயகியைக் காரில் தள்ளினான். டக். படம் நின்றுவிட்டது. அதற்குமேல் ஃபைலிலேயே இல்லை. அடுத்த வாரம் வேறு படம். சரியாக அதே இடம், டக். மூன்றாவது படமும் அப்படியே.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "உன் கார்டுக்கும் கால் பாய் வந்துடறான் போலிருக்கேடா" என்றார்.

ஒரு மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கார்டு மேல் தப்பு இல்லை. ஹார்ட் டிஸ்க்கை ஃபேட்-32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்திருந்தார்கள். அந்த முறையில் ஒரு ஃபைல் நான்கு ஜி.பி.யைத் தாண்டக்கூடாது. மணிக்கு இரண்டு ஜி.பி. சொச்சம் என்றால், இரண்டு மணி நேரம் முடிவதற்குள் கதை முடிந்தது! விளம்பரத்தோடு மூன்று மணி நேரம் ஓடுகிற படத்தில் அது கிளைமாக்ஸுக்கு முந்தின இடம். வாணியம்பாடிக்குப் போய், "பாய், இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்றேன். "இன்னா தம்பி, நாலு ஜி.பி.ல ஒரே ஃபைல் எவன் வெப்பான்னு நான் கனவா கண்டேன்?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். டிஸ்க்கில் இருப்பது அழியாமலே என்.டி.எஃப்.எஸ். என்ற புது முறைக்கு மாற்ற ஒரே வரிக் கட்டளை இருக்கிறது. ஒரு மாச அவஸ்தைக்கு ஒரு வரி மருந்து.

கரன்ட் கட்? அது தனிப் புராணம். யு.பி.எஸ். பதினைந்து நிமிஷம் தாங்கும், கட்டோ மணிக்கணக்கு. கரன்ட் திரும்பி வந்தாலும், யாராவது பட்டனை அமுக்கினால்தான் எழுந்திருப்பேன் என்று கம்ப்யூட்டர் படுத்துக்கிடக்கும். பயாஸுக்குள் போய், 'கரன்ட் வந்தால் தானே எழுந்திரு' என்ற ஒரு வசதியைத் தேடிப் பிடித்தேன். அதற்கப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழித்து உறுமும். அம்மா கொஞ்ச நாள் விபூதி பூசிக்கொண்டு படுத்தார்.

எல்லாம் சரியாகி, முதல்முறையாக ஒரு படம் வணக்கம் வரைக்கும் பதிவானது. அப்பா நைட் ட்யூட்டி முடித்து வந்தார். ஈஸிசேர், காப்பி, படம். கிளைமாக்ஸ் சண்டையில் நூறு பேர் அடித்துக்கொள்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு குறட்டை. ராத்திரி முழுக்க பிரேக் வேனில் விழித்திருந்த உடம்பு. நான் ஆபீஸ் கிளம்பும்போது திடுக்கென்று முழித்தார்.

"முடிவு என்னடா ஆச்சு?"

"ரீவைண்ட் பண்ணி வெச்சிருக்கேன்பா. பட்டனை அமுக்கினா ஓடும்."

"வேணாம். சும்மா சொல்லேன்."

"வண்டிக்கு நேரமாச்சுப்பா. நீங்களே பாருங்க."

சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தேன். படம் நான் நிறுத்தி வைத்த இடத்திலேயே நின்றிருந்தது. ட்யூட்டிக்குப் போயிருந்தார்.

அதைப் பற்றி அப்போது நான் பெரிசாக யோசிக்கவில்லை. அடுத்த படம் பதிவு பண்ணினேன்.

2011 ஏப்ரல் 30-ம் தேதி அப்பாவுக்கு ரிடையர்மென்ட். ஏப்ரல் 2, சனிக்கிழமை, வான்கடேயில் உலகக்கோப்பை ஃபைனல். 1983 ஃபைனலின்போதும் வண்டியில் இருந்தவர் அவர். இந்தத் தடவையும் அப்படியே! ஈரோடு போய்த் திரும்பும் கூட்ஸ். "கவலைப்படாதீங்கப்பா, ஒரு பந்து விடாம பிடிச்சு வெக்கிறேன்" என்றேன். மத்தியானம் இரண்டரையிலிருந்து ராத்திரி 11 மணி வரைக்கும் போட்டு வைத்தேன். அன்றைக்குக் கரன்ட்கூட கருணை காட்டியது.

அப்பா வீட்டுக்கு வந்தபோது விடியற்காலை மூன்று மணி. நான் தூங்கவில்லை. கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஜெயிச்சது தெரியுமாப்பா?"

"பொம்மிடியில லூப் லைன்ல போட்டுட்டான். இருட்டு. திடீர்னு ஊருக்குள்ள வெடி. அப்புறம் வழியெல்லாம் வெடிதான். சாமல்பட்டி தாண்டியும் ஒருத்தன் வெடிச்சிக்கிட்டிருக்கான். ஜெயிச்சிட்டோம்னு அதுலயே தெரிஞ்சி போச்சு." ஷூ லேஸை அவிழ்த்தார். "ஸ்ரீலங்கா 274 அடிச்சவரைக்கும் ரன்னிங் ரூம்ல பாத்தேன். அப்புறம் வண்டி எடுத்தாச்சு. யாருடா அடிச்சது?"

கை மவுஸுக்குப் போனது. எடுத்துவிட்டேன்.

"ரெண்டாவது பந்துலயே சேவாக் அவுட்டுப்பா..." என்று ஆரம்பித்தேன்.

மலிங்கா ஓடி வருவதை சமையலறை வாசலிலிருந்து ஓடி வந்து காட்டினேன். டெண்டுல்கர் 18-ல் போனதற்கு ஒரு நிமிஷம் மௌனம். காம்பீர் 97-ல் பௌல்ட் ஆனதற்கு தொடையில் அறைந்துகொண்டேன். 49-வது ஓவர், குலசேகரா. மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தோனியாக நின்றேன். முப்பத்து மூன்று வயசு, லுங்கி. லாங்-ஆன் திசையில் ஃப்ரிட்ஜ் இருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரே தூக்கு.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். "அர்த்த ராத்திரியில துடைப்பத்தை எடுத்துக்கிட்டு இன்னாடா அப்பன்கிட்ட வம்பு?"

அப்பா முழுசாக விழித்திருந்தார். ஒரு கொட்டாவிகூட இல்லை.

"சரி, இப்ப உன் கார்டைப் போடு. சரியாச் சொன்னியான்னு பாப்போம்."

கடைசி ஓவரைப் போட்டேன். சிக்ஸர். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடிச்சிட்டு பேட்டை ஒரு சுத்து சுத்தறானே... அதை நீ சொல்லவே இல்லியேடா!"