வரிசையில் நின்ற மரங்கள்

கடன் வாங்கித்தான் 2023இல் மலேசியா போனேன். கோலாலம்பூரில் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுநாளே தமான் நெகாராவுக்குக் கிளம்பினேன். 4,343 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. சாவதற்குள் அசல் காடு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வழிகாட்டியாக வந்தவர் மலேசியத் தமிழ் இளைஞர். “உங்க ஊர்ப் பக்கம் காடு இருக்கா அண்ணே?” என்று கேட்டார்.

“பெரியகுளம் எனக்கு. தலைக்கு மேலேயே கொடைக்கானல்” என்று பெருமையாகச் சொல்லி, போனில் இருந்த பைன் காட்டுப் படத்தைக் காட்டினேன். மரங்களுக்கு நடுவே என் பிள்ளைகள் நின்றார்கள்.

அவர் சற்று நேரம் பார்த்தார். “காடா அண்ணே இது? எங்க தாத்தா வேலை செஞ்ச ரப்பர் பால்மரத் தோட்டம் மாதிரியில்ல இருக்கு. எல்லாம் ஒரே மரம். வரிசையா நிக்குது.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசை தெரிந்தது. தரையில் காய்ந்த ஊசியிலைகளைத் தவிர ஒரு செடி இல்லை. 1906 வாக்கில் பிரையன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி மரத் தேவைக்காக நட்ட தோப்பு அது. 20 வருஷம் அதற்குள் நடந்திருக்கிறேன். ஒரு பறவைச் சத்தம் கேட்ட ஞாபகம்கூட இல்லை.

பெரியப்பா ஞாபகம் வந்தது. கொடைக்கானலில் வனத்துறை வாட்சராக இருந்தவர். “பாம்பார் சோலைக்காட்டுக்கு ஒரு நாள் வாடா, ஒவ்வொரு மரமாச் சொல்லித் தர்றேன். மழையைப் பிடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுறது அதுதான். கும்பக்கரையில நீ குளிக்கிறது அந்தத் தண்ணி” என்பார். 2018இல் குறிஞ்சிப் பூ பார்க்கப் போனபோதும் கூப்பிட்டார். எப்போதும் போல, “அடுத்த தடவை பெரியப்பா” என்றேன்.

ஊர் திரும்பியதும் மலையேறினேன். சர்க்கரை நோய் பெரியப்பாவின் பார்வையைப் பறித்திருந்தது.

வட்டக்கானல் சாலையில், பாம்பார் சோலையின் ஓரத்தில் தனியாக நின்றேன். மழை விட்டு வெகுநேரமாகியும் கிளைகள் சொட்டிக்கொண்டிருந்தன. முறுக்கிய அடிமரங்களில் பாசியும் பெரணியும் அப்பிக் கிடந்தன. ஒரு மரத்தின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. கீழே கிடந்த நான்கு இலைகளைப் பொறுக்கி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ஒன்றைக் கசக்கி முகர்ந்தார். “காட்டு லவங்கப்பட்டை” என்றார் உடனே. அடுத்ததை விரலால் நெடுநேரம் தடவினார்.

“இதோட மரம் எப்படி இருந்துச்சு? பட்டை சொரசொரப்பா, வழவழப்பா?”

நான் பார்த்திருக்கவில்லை. பதிலுக்காக முகத்தைத் தூக்கியபடி அவர் காத்திருந்தார்.

“தொட்டுப் பார்த்துட்டு வந்து சொல்றேன் பெரியப்பா” என்று எழுந்தேன். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.